அஞ்சாம் வார்த்தை

தேவஇரக்கம் ஜெபம் பண்ணினா ரோட்டுல போறவங்களுக்கும் கேக்கும். மில்லு வாசல்ல மைக்கு இல்லாம பேசிப் பழகுன தொண்டை. "ஆண்டவரே"ன்னு ஆரம்பிச்சார்னா, அடுத்து "உடனடியாகத் தலையிட வேண்டும்"னு வந்துருமோன்னு பக்கத்துல முழங்கால் போட்டவங்களுக்கு ஒரு பயம் இருக்கும். ஒண்ணு ரெண்டு தடவ வந்தும் இருக்கு.

மில்லுல யூனியன் செக்ரட்டரியா இருந்தவர். மில்லு மூடி, யூனியன் ஆபீஸ் இருந்த எடத்துல இப்ப செல்போன் கடை. ஆனாலும் ஊருக்குள்ள அவர் பேரு செக்ரட்டரிதான். சம்சாரம் செத்ததுக்கப்புறம் வீட்டுல எதுத்துப் பேச ஆளில்ல. எதுத்துப் பேச ஆளில்லேன்னா அவருக்குச் சாப்பாடு எறங்காது. அப்பிடித்தான் சுகிர்தம் சிஸ்டரோட ஜெபத்தோட்டத்துக்கு வந்து சேந்தார்.

சிஸ்டருக்கு அவரைவிட வயசு ரொம்பக் கொறைவு. பொம்பளப் பிள்ளைங்க ஹாஸ்டல் ஒண்ணுல வார்டனா இருந்தவங்க. அத விட்டுட்டு, கோவில்பட்டிக்குத் தெக்க கரிசக்காட்டுல, நாலு வேப்பமரமும் ஒரு கெணறும் கெடந்த எடத்துல ஓடு போட்ட அறை ஒண்ணக் கட்டி ஜெபத்தோட்டம்னு வச்சாங்க. பிரசங்கம் அதிகம் கெடையாது. வாரவங்களுக்கு ஆளுக்கு ஒரு பழக்கத்தக் குடுப்பாங்க. ஒருத்தருக்கு விடியமுன்ன எந்திரிச்சு ஜெபம். ஒருத்தருக்கு ஒரே சங்கீதத்த மாசம் பூரா வாசிக்கது.

தேவஇரக்கத்துக்குக் குடுத்தது மௌனம்.

ஒரு மாசத்துக்கு, ஜெப நேரம் போக, தோட்டத்துக்குள்ள இருக்கிற வரைக்கும் வாயத் தெறக்கக் கூடாதுன்னாங்க. அவர் தெறக்கல. ஆனா தொண்டையச் செருமுனதுலயே பாதிச் சண்டைய முடிச்சுட்டார். மீதிய மூக்கால முடிச்சார். மாசம் முடிஞ்சதும், இதுல எனக்கு என்ன முன்னேத்தம் வந்துச்சுன்னு சிஸ்டர்கிட்டயே போயி கேட்டார்.

நேத்து கெணத்தடில பொம்பளைங்க சண்ட போட்டது கேட்டுச்சான்னு சிஸ்டர் கேட்டாங்க. கேட்டுச்சுன்னார். என்ன சண்டைன்னாங்க. இவர் ரெண்டு பேரு பக்கத்தையும் வரிசையா எடுத்துச் சொன்னார்.

"முன்ன எல்லாம் உங்களுக்கு ஒரு பக்கந்தானே கேக்கும், அண்ணாச்சி."

அவர் ஒரு செருமல் செருமிட்டுப் போயிட்டார். ஆனா மறுநாளும் வந்தார்.

*

அந்தத் தோட்டத்துல ஒரு வழக்கம் உண்டு. பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னெண்டுல இருந்து மூணு வரைக்கும் நடக்கிற மும்மணி ஆராதனைல, சிலுவைல தொங்கும்போது ஆண்டவர் பேசுன ஏழு வார்த்தைய ஏழு பேரு எந்திரிச்சுப் பேசுவாங்க. எல்லாக் கோயில்லயும் உள்ளதுதான். ஆனா இங்க நாப்பது நாள் லெந்து நோன்பு ஆரம்பிக்கிற அன்னைக்கே இன்னாருக்கு இன்ன வார்த்தைன்னு சிஸ்டர் குடுத்துருவாங்க. அத வச்சுப் பேச்சுத் தயார் பண்ணக் கூடாது. லெந்து முழுசும் அந்த வார்த்தையோட குடியிருக்கணும். அன்னைக்கு எந்திரிச்சு, குடியிருந்த கதைய ரெண்டு வாக்கியம் சொன்னாப் போதும்.

அந்த வருஷம் சிஸ்டர் ஒண்ணாம் வார்த்தைய தேவஇரக்கத்துக்குக் குடுத்தாங்க. "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்."

அவர் எந்திரிச்சு நின்னார். இது எனக்கு வேண்டாம்னார்.

அது வரைக்கும் குடுத்த வார்த்தைய யாரும் திருப்பிக் குடுத்ததில்ல. எல்லாரும் சிஸ்டரப் பாத்தாங்க. அவர் யாரையும் பாக்கல. தனக்குப் பொய் பேசிப் பழக்கமில்லேன்னும், மேடைல ஒண்ணு மனசுல ஒண்ணு வச்சுக்கிட்டுப் பேசுற ஆளு தான் இல்லேன்னும், மில்லு வாசல்ல பேசுன அதே குரல்ல சொன்னார்.

சிஸ்டர் கோவப்படல. அந்த வார்த்தைய எடுத்துப் பக்கத்துல இருந்த போஸ்ட்மேன் சத்தியநாதனுக்குக் குடுத்தாங்க. அவருக்கு ஒதுக்கியிருந்த அஞ்சாம் வார்த்தைய எடுத்து இவருக்குக் குடுத்தாங்க.

"தாகமாயிருக்கிறேன்."

அவருக்கு அதுவும் பிடிக்கல. இருக்கதுலயே சின்னது. அரை மணி நேரம் பேசுற ஆளுக்கு இதக் குடுத்தா எப்பிடின்னு கேட்டார்.

"இதுல பேச என்ன இருக்கு சிஸ்டர்? ஒருத்தருக்குத் தாகம். தண்ணி குடுத்தா முடிஞ்சுது."

"சரி, அதையே பேசுங்க."

*

ஒண்ணாம் வார்த்தைய அவர் ஏன் வேண்டாம்னார்ங்கிறது தோட்டத்துல எல்லாருக்கும் தெரியும். அவரே சொன்னதுதான். வந்த புதுசுல சாட்சி சொல்லுங்கன்னு எழுப்பிவிட்டாங்க. மத்தவங்க எல்லாம் ஆண்டவர் தன்னைத் தொட்ட கதையச் சொன்னாங்க. இவர் ஸ்ட்ரைக் கதையச் சொன்னார்.

பெரிய ஸ்ட்ரைக் அது. கோரிக்கை நிறைவேறுற வரைக்கும் சாப்பிட மாட்டேன்னு மில்லு வாசல்ல பந்தல் போட்டு இவர் உண்ணாவிரதம் உக்காந்தார். இவர் மகன் கிதியோனுக்கும் அதே மில்லுலதான் வேலை. ஸ்ட்ரைக் நடக்கும்போது அவன் சம்சாரத்துக்கு நாளுக்கு முன்னாலயே பிரசவம் ஆகி, பிள்ளைய ஆஸ்பத்திரில கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருந்தாங்க. அவன் வேலைக்குப் போனான். அப்பா உக்காந்திருந்த பந்தலத் தாண்டித்தான் உள்ள போகணும். போனான். கூட்டம் "கருங்காலி"ன்னு கத்துச்சு. அதுல முதல் குரல் அப்பாவோடது.

கடைசில இவர் தண்ணியும் குடிக்க மாட்டேன்னுட்டார். ஒதடு வெடிச்சிருச்சு. ஒரு நாள் ஷிப்டு முடிஞ்சு வெளிய வந்த கிதியோன், நேரா வீட்டுக்குப் போயி ஒரு சொம்பக் கொண்டுவந்தான். அத்தனை பேருக்கு நடுவுல நடந்து வந்து அப்பாகிட்ட நீட்டினான். இவர் வாங்கினார். அப்பிடியே தலைகீழாக் கவுத்தினார். விசில் பறந்துச்சு. கை தட்டல் அடங்க ரொம்ப நேரமாச்சு.

"கருங்காலி கையால தண்ணி குடிச்சு உசிரு பொழைக்கணும்னு எனக்கு இல்ல"ன்னு சொல்லி, தலைய நிமித்திக்கிட்டே சாட்சிய முடிச்சார். யாரோ ஒருத்தர் பழக்கதோசத்துல "ஸ்தோத்திரம்"னுட்டாங்க.

சிஸ்டர் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க.

"சொம்புல என்ன இருந்துச்சு, அண்ணாச்சி?"

"தண்ணிதான்." கொஞ்சம் யோசிச்சார். "இல்ல, மோரோ என்னவோ. கவுத்தும்போது யாரு பாத்தா?"

அன்னைக்கு வெறும் சொம்ப எடுத்துக்கிட்டுப் போன கிதியோன், அதுக்கப்புறம் அப்பா வாசப்படி ஏறினதில்ல. அம்மா சாவுக்கு வந்தான், தெருவுல நின்னான், கல்லறைக்கு வந்தான், போயிட்டான். ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு. கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருந்த பிள்ளை இப்ப வேன்ல ஸ்கூலுக்குப் போகுது. வேன் இவர் வீட்டு வழியாத்தான் போகும். இவர் அந்த நேரத்துல வாசல்ல நின்னு பேப்பர் படிப்பார். வேன் தாண்டினதும் மடிச்சு உள்ள வச்சிருவார்.

*

பரிசுத்த வாரம் ஆரம்பிச்ச அன்னைக்கு பரமசிவம் தோட்டத்துக்கு வந்தார். பழைய யூனியன் தோழர். கடவுள் இல்லேங்கிற கட்சி. அதனால கேட்டுக்கு வெளியவே வண்டிய நிறுத்திட்டு, செக்ரட்டரிய வெளிய வரச் சொன்னார்.

கிதியோன் வடக்க போறானாம். சூரத் பக்கம் ஒரு மில்லுல வேலை கெடச்சிருக்காம். வீட்டக் காலி பண்ணிட்டுப் பெஞ்சாதி பிள்ளையோட ஒரேயடியாப் போறான். பெரிய வெள்ளிக்கிழமை மூணு மணி வண்டி. இதச் சொல்லிட்டுப் பரமசிவம் தன் வண்டி டயரப் பாத்துக்கிட்டு நின்னார்.

"என்கிட்ட எதுக்குவே சொல்லுத?"

"வேற யாருகிட்ட சொல்ல?"

தேவஇரக்கம் உள்ள வந்து ஜெப அறைல முழங்கால் போட்டார். அன்னைக்கு அவர் ஜெபம் ரோட்டுக்கு இல்ல, ரோட்டத் தாண்டி இருக்க செங்கச்சூளை வரைக்கும் கேட்டிருக்கும். கிதியோன் என் வாசலுக்கு வரணும், அப்பா நான் செஞ்சது தப்புன்னு வாயால சொல்லணும், அது வரைக்கும் இந்த எடத்தவிட்டு எந்திரிக்க மாட்டேன், ஒரு பருக்கை உள்ள எறங்காதுன்னு ஆண்டவருக்கு அறிவிச்சார்.

சிஸ்டர் பின்னால வந்து நின்னாங்க.

"இது யாருக்கு எதிரா, அண்ணாச்சி?"

"எதிரா எல்லாம் இல்ல. உபவாச ஜெபம்."

"கோரிக்கை இருக்கே."

"விண்ணப்பம்னு வச்சுக்கிடுங்க."

"கெடைக்கலேன்னா?"

"கெடைக்கிற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்."

"அப்ப இது உண்ணாவிரதம். உண்ணாவிரதத்த எங்கயாவது வீட்டுக்குள்ள நடத்துவாங்களா? வாசலுக்கு வாங்க."

கேலி பண்ணுதாங்கன்னு அவர் நெனச்சார். இல்ல. கேட்டுப் பக்கத்துல நாலு கம்பு நட்டு, ரெண்டு பழைய சேலைய மேல கட்டி, அவங்களே பந்தல் போட்டுட்டாங்க. கீழ ஒரு பெஞ்சு. உள்ள வாரவங்க, வெளிய போறவங்க எல்லாரும் இவரப் பாத்துட்டுத்தான் போகணும்.

கூச்சப்பட்டு எந்திரிச்சுப் போயிருவேன்னு பாக்குதாங்க போலன்னு அவருக்குப் பட்டுச்சு. அவர் பாக்காத பெஞ்சா. வேட்டியச் சரி பண்ணிக்கிட்டு நடுவுல உக்காந்தார். ரொம்ப வருஷத்துக்கப்புறம் முதுகு தானா நிமிந்துச்சு.

*

மறுநாள் பரமசிவம் வந்து பந்தலப் பாத்தார்.

"எந்த மில்லுவே?"

தேவஇரக்கம் மேல கையக் காட்டினார்.

"அங்க நிர்வாகத்த மாத்தவே முடியாதேவே. தேர்தலும் கெடையாது." சொல்லிட்டு, ஆதரவு தெரிவிக்கிற மாதிரி பெஞ்சோட ஓரத்துல கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போனார்.

ஊருக்குள்ள பேச்சாயிருச்சு. பெரிய கோயில் கமிட்டில இருந்து ரெண்டு பேரு வந்தாங்க. பரிசுத்த வாரத்துல ஜெபம் பண்ணுற எடத்துக்கு முன்னால இப்பிடி ஒரு கூத்து நடக்கலாமா, ஆள எழுப்பி வீட்டுக்கு அனுப்புங்கன்னு சிஸ்டருக்குப் புத்தி சொன்னாங்க. ஆண்டவரோட யாராவது மல்லுக்கு நிப்பாங்களான்னு ஒருத்தர் கேட்டார்.

பைபிள்ல யாக்கோபு நின்னானேன்னு சிஸ்டர் சொன்னாங்க. விடிய விடிய நின்னான், இடுப்பு சுளுக்கினதுதான் மிச்சம், ஆனா நின்னான்.

"அதெல்லாம் அந்தக் காலம், சிஸ்டர்."

"போராடுற ஆள எழுப்பிவிட இது மில்லு இல்ல. நீங்க போயிட்டு வாங்க."

பந்தலுக்குள்ள இருந்து கேட்டுக்கிட்டிருந்த தேவஇரக்கத்துக்கு நெஞ்சு விம்முச்சு. நம்ம ஆளுன்னு நெனச்சார். அந்த நெனப்பு சாயங்காலம் வரைக்குந்தான் நின்னுச்சு.

ஏன்னா சாயங்காலம் சிஸ்டர் ஒரு ஸ்டூலக் கொண்டுவந்து அவருக்கு எதுத்தாப்புல போட்டு உக்காந்தாங்க. கைல ஒரு சொம்பு தண்ணி.

"பேச்சுவார்த்தைக்கு வந்திருக்கேன்."

"நீங்க எந்தப் பக்கம்?"

"ஆளில்லாத பக்கம்."

அவர் தண்ணிய வாங்கிக் குடிச்சார். உண்ணாவிரதத்துல தண்ணி குடிக்கலாம்ங்கிறது யூனியன் சட்டம். குடிச்சுட்டு, கோரிக்கைய மறுபடி சொன்னார். கிதியோன் வரணும். தப்புன்னு சொல்லணும். ரெண்டும் நடக்கணும்.

நீங்க என்ன விட்டுக்குடுப்பீங்கன்னு சிஸ்டர் கேட்டாங்க. நியாயத்துல விட்டுக்குடுக்க ஒண்ணும் இல்லேன்னார். அத்தனை குடும்பமும் அடுப்புப் பத்தவைக்காம வாசல்ல நின்னப்ப அவன் மட்டும் உள்ள போனான்னார். பிள்ளை பெட்டிக்குள்ள இருந்துச்சேன்னு சிஸ்டர் சொன்னாங்க. எல்லார் வீட்டுலயும் பிள்ளை இருந்துச்சுன்னு அவர் சொன்னார்.

"நீங்க சொல்லுறது நியாயந்தான்."

அவருக்கு அதுவே பாதி ஜெயிச்ச மாதிரி இருந்துச்சு.

"அஞ்சாம் வார்த்தை எந்த அளவுல இருக்கு, அண்ணாச்சி?"

"அது கெடக்கு. தாகமாயிருக்குன்னு சொல்ல என்ன தயார் பண்ணணும்? அன்னைக்கு எந்திரிச்சு ரெண்டு வார்த்தை சொன்னாப் போச்சு."

சிஸ்டர் சொம்ப எடுத்துக்கிட்டு எந்திரிச்சாங்க. அன்னைல இருந்து தெனம் அந்த ஸ்டூலு வந்துச்சு, சொம்பு வந்துச்சு. கோரிக்கை மட்டும் நகரல.

*

பெரிய வியாழன் அன்னைக்குக் காலைல சிஸ்டர் சொம்ப நீட்டினப்ப, அவர் கைய நீட்டல. இனிமே தண்ணியும் கெடையாதுன்னார். நாளைக்கு மூணு மணிக்கு வண்டி கெளம்பிரும், அதனால போராட்டத்தத் தீவிரப்படுத்துதேன்னார்.

வயசுக்கு இது ஆகாது, வெயில் கொளுத்துதுன்னு எல்லாரும் கெஞ்சினாங்க. சத்தியநாதன் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. சிஸ்டர் கெஞ்சல. பந்தல்ல இன்னொரு சேலையச் சேத்துக் கட்டி வெயில மறச்சாங்க. ராத்திரி வாசல்ல பாயப் போட்டு அவங்களும் அங்கயே படுத்துக்கிட்டாங்க.

வெள்ளிக்கிழமை காலைல வெயில் ஏறும்போதே அவர் நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு. எச்சில் முழுங்கலாம்னா எச்சில் இல்ல. வெள்ளைச் சேலையும் வெள்ளை வேட்டியுமா ஆட்கள் மும்மணி ஆராதனைக்கு வர ஆரம்பிச்சாங்க. பந்தலத் தாண்டும்போது சத்தமில்லாம நடந்தாங்க. முன்ன மில்லு வாசல்லயும் கடைசி நாள்ல எல்லாரும் இப்பிடித்தான் நடந்தாங்க. அவருக்குப் பெருமையா இருந்திருக்கணும். எதோ கொறஞ்சுச்சு. கூட்டம் இருக்கு, பந்தல் இருக்கு, வெடிச்ச ஒதடு இருக்கு. என்ன கொறையுதுன்னு அவருக்குப் பிடிபடல.

பரமசிவம் வண்டிய வெளிய நிறுத்திட்டு நேரா பந்தலுக்குள்ள வந்தார். கிதியோன் ரெண்டு மணிக்கு வீட்டப் பூட்டிச் சாவியக் குடுக்கான்னார். சாமானெல்லாம் கட்டியாச்சுன்னார். கேலி எதுவும் சொல்லல.

சிஸ்டர் சொம்போட வந்தாங்க. ஸ்டூலக் கொண்டுவரல. நின்னுக்கிட்டே நீட்டினாங்க.

அவர் தலைய ஆட்டினார்.

"கோரிக்கை நிறைவேறட்டும்."

குரல் வெளிய வரவே கஷ்டப்பட்டுச்சு. ஆனா அதுல நடுக்கம் இல்ல.

சிஸ்டர் கைய நீட்டினபடியே சொம்பத் தலைகீழாக் கவுத்தினாங்க.

தண்ணி அவர் காலடில விழுந்துச்சு. விரல் எல்லாம் தெறிச்சுச்சு. கெணத்துல தண்ணி அடில போயி, வாளி மண்ணோட ஏறுற காலம் அது. தேவஇரக்கம் பதறி முன்னால குனிஞ்சார். தன் கை ரெண்டும் தன்னையறியாம ஏந்திக்கிட்டு நின்னத அப்புறந்தான் பாத்தார். மடக்கிக்கிட்டார்.

"என்ன வேலை இது, சிஸ்டர்?"

"பேச்சுவார்த்தை முறிஞ்சுட்டு, அண்ணாச்சி."

சொம்பத் தொங்கவிட்டுக்கிட்டு அவங்க ஜெப அறையப் பாத்து நடந்தாங்க.

அவர் தரையப் பாத்தார். கரிசமண்ணு வெடிப்பு வெடிப்பாக் கெடந்துச்சு. தண்ணி ஒரு வெடிப்புக்குள்ள புகுந்து அப்பிடியே காணாமப் போச்சு. மேல மட்டும் ஈரம் கறுப்பா ஒரு தட்டு அளவுக்கு நின்னுச்சு. ஓரத்துல இருந்து அதுவும் சுருங்கிக்கிட்டே வந்துச்சு. எத்தனையோ தடவ அவர் அந்த மில்லு வாசல் கதையச் சொல்லியிருக்கார். சொல்லும்போதெல்லாம் சொம்பு கண்ணு முன்னால வரும். விசில் காதுல கேக்கும். கிதியோன் நீட்டின கை கூட ஞாபகம் இருக்கு, மணிக்கட்டுல பஞ்சு ஒட்டியிருந்துச்சு. மொகம் மட்டும் வரல. எவ்வளவு யோசிச்சும் வரல. அவன் மொகத்த அன்னைக்கு அவர் பாக்கவே இல்ல. கூட்டத்தத்தான் பாத்துக்கிட்டிருந்தார்.

"சிஸ்டர்."

அவங்க திரும்பி வந்தாங்க.

"அவன்தான் வரணும். நான் போக மாட்டேன். முதல்ல அவன்தான் வரணும்."

"வந்தாரே."

"எப்ப வந்தான்?"

"நீங்கதானே சாட்சில சொன்னீங்க. சொம்போட வந்தாருன்னு."

பரமசிவம் வேப்பமரத்தப் பாத்துக்கிட்டு நின்னார். உள்ள ஆராதனைக்கு முதல் பாட்டு எடுத்துட்டாங்க.

"அவன் செஞ்சது கருங்காலித்தனம். செத்தாலும் நான் அதச் சரின்னு சொல்ல மாட்டேன்."

"சொல்லாண்டாம்."

"நான் செஞ்சது தப்புன்னும் சொல்ல மாட்டேன்."

"யாரு சொல்லச் சொன்னா?"

அவர் பெஞ்சப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சார். சிஸ்டர் பிடிக்க வரல. பரமசிவம் வந்தார். தேவஇரக்கம் அவர் கையத் தட்டிவிட்டுட்டு, தானே நிமிந்து நின்னார். அப்பதான் ஞாபகம் வந்துச்சு.

"இங்க அஞ்சாம் வார்த்தைய யாரு பேசுவா?"

"அந்த நேரம் நாங்க பேசாம இருந்துக்கிடுதோம்."

கேட்டு வரைக்கும் நடந்தார். பரமசிவம் வண்டிய மிதிச்சு ஸ்டார்ட் பண்ணினார். தேவஇரக்கம் ஏறல. கேட்டுக் கம்பியப் பிடிச்சுக்கிட்டு நின்னு திரும்பினார். இத்தனை வருஷமா எந்த வாசல்லயும் அவருக்கு வார்த்தைக்குப் பஞ்சம் வந்ததில்ல.

"அங்க போயி நான் என்னத்தச் சொல்ல, சிஸ்டர்? மன்னிப்புக் கேக்கச் சொல்லுதீங்களா?"

"அது ஒண்ணாம் வார்த்தை, அண்ணாச்சி. அத நீங்க அன்னைக்கே வேண்டாம்னுட்டீங்க. உங்களுக்குக் குடுத்தது அஞ்சாவது."